ஊருக்கெல்லாம் ஒரே தாங்குநர்

எங்கள் தெஹ்ரான் ஒரு நாள் இடிந்து விழும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரொட்டி விலை ஏறும் என்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். மலையடிவாரத்தில், நிலத்துக்குள் ஓடும் பிளவின் தலைமேலேயே மாடி மேல் மாடியாகக் கட்டி, கூரையில் கண்ணாடிச் சரவிளக்கைத் தொங்கவிட்டு, சரியாக அதன் கீழே உட்கார்ந்து தேநீர் குடிக்கிற ஜனங்கள் நாங்கள். இதனால் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை. வட்டாரப் பேரிடர்ச் சார்பு மையம் என்று ஒன்றைத் திறந்தார்கள், அன்றிலிருந்துதான் கெட்டது.

மையத்தின் தலைவர் டாக்டர் சபூரி. எங்கள் ஊரில் மேசை பெரிதாக இருந்தால் டாக்டர், சிறிதாக இருந்தால் எஞ்சினியர். நான் இரண்டாம் மாடியில் நிஜமாகவே பல் வைத்தியம் பார்க்கிறவன். என் மேசை மிகச் சிறியது. அதனால் என்னையும் எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதல் கூட்டம் எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. கார்களுக்கு நடுவே நாற்காலிகளைச் செருகி உட்கார்ந்தோம். டாக்டர் சபூரி ஒரு பழைய காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

“அன்பான மக்களே! பெரிய பூகம்பம் வந்தா முதல் சில நாள் எங்க மையத்துலேருந்து ஒருத்தரும் வர மாட்டோம். இதை நான் உறுதியா சொல்றேன். எங்க வார்த்தையை நீங்க முழுசா நம்பலாம்.”

நாங்கள் கைதட்டினோம். கைதட்டாவிட்டால் மரியாதையாக இருக்காது.

“அதனால ஒவ்வொருத்தரும் யாராவது ஒருத்தரை நம்பியாகணும். யாரை நம்புறதுங்கறதை இப்பவே, ஆபத்தில்லாத நேரத்துலயே முடிவு பண்ணிடணும். ஆபத்து வந்துட்டா மனுஷன் மனசுல இருக்கறதை அப்படியே பேசிடுவான். அது திட்டத்தைக் கெடுத்துடும்.”

காப்பாற்றுகிறவருக்குத் தாங்குநர் என்று பெயர். காப்பாற்றப்படுகிறவர் தாங்கப்படுநர். இந்த இரண்டு சொல்லைக் கண்டுபிடிக்கவே மையத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதாம். விண்ணப்பம் கிடையாது, கையெழுத்து கிடையாது. வாயால் சொன்னால் போதும். சபூரி கையில் ஒரு சின்னப் பதிவுக் கருவி இருந்தது, அதை அழுத்துவார், முடிந்தது. விதிகள் இரண்டுதான். ஒருவர் வாயால் ஒப்புக்கொண்டால் அது அவரைக் கட்டுப்படுத்தும். ஒருவர் ஒரு தடவை மறுத்தால் அதுவே கடைசி.

இந்த இரண்டு விதியையும் எழுதிய எவனும் எங்கள் ஊரில் ஒரு நாள்கூட வாழ்ந்தவனாக இருக்க முடியாது. இங்கே டாக்சிக்காரன்கூடக் காசு வேண்டாம் என்றுதான் தொடங்குவான். நாம் கெஞ்சிக் கேட்டுத்தான் அவன் கையில் கூலியைத் திணிக்க வேண்டும். முதல் தடவை வேண்டாம் என்பது எங்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி. இரண்டாவது தடவை வேண்டாம் என்றால் யோசிக்கிறேன் என்று பொருள். மூன்றாவதில்தான் பேச்சே ஆரம்பமாகும். உயிரைக் கொடுப்பேன், உங்கள் காலடி மண் நான், கண்மேல் வைத்துச் செய்கிறேன் என்பதையெல்லாம் காய்கறிக் கடையில் வெள்ளரிக்காய் வாங்கும்போதே சொல்லிவிடுவோம். பெயரோடு ‘ஜான்’, அதாவது உயிரே, என்று ஒட்டிக் கூப்பிடுவோம். ஒருவரும் உயிரைக் கொடுத்ததில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை.

எங்களில் இந்த முகமன் பேச்சில் கைதேர்ந்தவர் நாலாம் மாடி ஹூஷங் ரஃபீயி. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவரும் எஞ்சினியர்தான். எரிவாயு மீட்டர் பார்க்க வருகிறவனிடம்கூட, “உங்க நிழல் எங்க தலைமேல குறையாம இருக்கணும்” என்று மனப்பூர்வமாகச் சொல்லக்கூடிய மனிதர். ஒருவர் முகம் சுருங்குவதை அவரால் தாங்க முடியாது. அதனால் ஊரில் அத்தனை பேரும் அவர்மேல் சாய்ந்துகொள்வார்கள்.

அன்றைக்கு முதலில் எழுந்தவர் தரைத்தளத்துத் தூபா அம்மா. விதவை. கதவைத் திறந்தால் தெரு. “எனக்கு எஞ்சினியர் ரஃபீயியை விட்டா யாரு இருக்கா?” என்றார்.

“அம்மா, உங்களுக்காக உயிரையே கொடுப்பேன்” என்றார் ஹூஷங், பழக்கதோஷத்தில்.

சபூரி கருவியை அழுத்தினார். “பதிவாயிற்று.”

அடுத்து மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற கர்னல். அவரும் ஹூஷங்கைத்தான் சொன்னார். “உங்க காலடி மண்ணு நான், கர்னல்.” பதிவாயிற்று. பியானோ சொல்லிக்கொடுக்கும் அம்மாள் சொன்னார். பதிவாயிற்று. எதிர்வீட்டுக்காரர்கள் தகவல் கேள்விப்பட்டு வந்து சொன்னார்கள். பதிவாயிற்று. என் முறை வந்தது. மற்றவர்கள் எல்லாரும் சொல்லும்போது நான் மட்டும் வேறு பெயர் சொன்னால் ஹூஷங்குக்கு அவமரியாதை ஆகிவிடுமே என்று நானும் சொல்லிவைத்தேன்.

எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர் கோபாத் ஒருவர்தான். பக்கத்துச் சந்தில் கறிக்கடை, பழைய மல்யுத்தக்காரர், முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போன் பேசியபடி படியேறுவார். அவர் மெதுவாக எழுந்து ஹூஷங்கைப் பார்த்தார்.

“எஞ்சினியர் சார், எனக்கு யாரும் வேண்டாம். உங்க வீட்டு மஹ்லகா அக்கா இடுப்பெலும்பு உடைஞ்சு கெடக்காங்களே. அவங்களை நான் தூக்கிட்டு வந்துடறேன். கண்ணுமேல வச்சு.”

ஹூஷங்கின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பல மாதக் கவலை ஒரு நொடியில் அவர் நெற்றியிலிருந்து இறங்கியது. இறங்கியதும், வளர்ப்பு அப்படி, வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஐயோ கோபாத் ஜான், உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? வேண்டவே வேண்டாம்.”

கோபாத் மூச்சை இழுத்துக்கொண்டார். இரண்டாம் தடவை வற்புறுத்துவதற்குத்தான். அதற்குள் சபூரி கையை உயர்த்திவிட்டார்.

“மறுக்கப்பட்டது. பதிவாயிற்று.”

*

ஹூஷங்கின் மனைவி மஹ்லகா பனிக்காலத்தில் ரொட்டி வாங்கப் போய்ப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தவர். இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கும் ஜன்னலுக்கும் போய்வருவார். படி இறங்க முடியாது. பூகம்பத்தில் மின்தூக்கி ஓடாது. சும்மா இருக்கும்போதே ஓடுவதில்லை. கல்யாணத்துக்கு முன் நீச்சல் குளத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதால் குரல் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் நன்றாக இருந்தது. அன்று அந்தக் குரல் இரண்டு மாடி இறங்கி என் வீட்டுக்கே வந்தது.

“ஊர்ல உள்ள எல்லாருக்கும் நீ. எனக்கு யாரு?”

“நான் இருக்கேனே, மஹ்லகா ஜான்.”

“நீயா? போன வாரம் தர்பூசணியைத் தூக்கிட்டு வந்து ரெண்டு நாள் படுத்துக் கெடந்தவன் நீ. சரி, மனசாவது இருக்குன்னு வச்சுக்கறேன். முதல்ல தூபாவைத் தூக்குவியா, கர்னலைத் தூக்குவியா, என்னைத் தூக்குவியா?”

ஹூஷங் மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மையத்துக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

சபூரியின் அறை வாசலில் நாங்கள் இருவரும், கூட ஒரு அதிகாரியும், ‘நீங்கள் முதலில்’ என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டு நின்றதில் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அது முடிந்து ஒருவழியாக உள்ளே போனோம்.

“பெரிய விஷயம் ஒண்ணுமில்ல டாக்டர்” என்று ஆரம்பித்தார் ஹூஷங்.

“பெரிய விஷயம் இல்லைன்னா அடுத்த மாசம் வாங்க.”

“இல்ல, அது... உங்க நேரத்தை வீணாக்கக் கூடாது... என் மனைவிக்கு நானே தாங்குநரா இருந்துக்கறேனே.”

சபூரி பரிவோடு தலையாட்டினார். “ஒரே வீட்டுல இருக்கறவங்க ஒருத்தரை ஒருத்தர் தாங்க முடியாது எஞ்சினியர் சார். ரெண்டு பேரும் ஒரே இடிபாட்டுல கெடந்தா நாங்க யார்கிட்ட விளக்கம் கேக்கறது? அப்புறம் உங்க மேல ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. வட்டாரத்துலேயே அதிகம் நம்பப்படுற மனுஷன் நீங்க. உங்களுக்குத் தலைமைத் தாங்குநர்னு பட்டம் கொடுக்கலாம்னு இருக்கோம்.”

“அதுக்கெல்லாம் எனக்குத் தகுதி இல்ல டாக்டர்.”

“மறுப்பா?”

நான் ஹூஷங்கின் காலை மிதித்தேன். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் இந்தச் சுமையாவது ஏறாமல் போகும். ஆனால் எதிரில் இருப்பவர் முகம் லேசாகச் சுருங்கிவிட்டது. அது போதும்.

“மறுப்பா? உங்க வார்த்தையை நான் மறுப்பேனா?” என்றார் ஹூஷங்.

ஒளிரும் மஞ்சள் மேலங்கி ஒன்றும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். வெளியே வரும்போது, எல்லோரும் சொல்கிற மாதிரி, “ஒரு நாள் ஏழை வீட்டுக்குச் சாப்பிட வாங்க டாக்டர்” என்றார் ஹூஷங்.

“வெள்ளிக்கிழமை வர்றேன்” என்றார் சபூரி. “குடும்பத்தோட.”

அப்படிக் கூப்பிட்டதற்காக நிஜமாகவே வந்து சாப்பிட்ட மனிதனை நான் அதுவரை கண்டதில்லை. அடுத்தவன் வாயிலிருந்து வரும் முகமனை எல்லாம் அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் ஒரே ஆள் சபூரி. அவரைத்தான் மையத்துக்குத் தலைவராகப் போட்டிருந்தார்கள்.

*

வியாழக்கிழமை ஒத்திகை. அபாயச் சங்கு ஊதியதும் எல்லோரும் இறங்கி வந்து வாசல் கதவருகே கூடினோம். மஞ்சள் மேலங்கியோடு ஹூஷங் நடுவில். வெளியே சபூரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தூபா அம்மா, நீங்க முதல்ல” என்றார் கர்னல்.

“ஐயையோ, கர்னல் இருக்கும்போது நானா?”

“நான் பட்டாளத்துக்காரன். கடைசியா வர்றதுதான் எனக்கு முறை. பியானோ டீச்சர், வாங்க.”

“எஞ்சினியர் சார் நிக்கறாரே. அவரை முந்திட்டு நான் எப்படிப் போவேன்? நல்லாவா இருக்கும்?”

ஹூஷங் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “யாரு முதல்ல போனாலும் என் பாக்கியம். என் தலைமேல கால் வச்சுப் போங்க.”

ஒருவரும் போகவில்லை. கர்னல் தூபா அம்மாவின் முழங்கையைத் தொட்டு முன்னே நகர்த்தப் பார்த்தார். அந்த அம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் பல் பிடுங்குகிறவன், என்னையாவது யாரும் உபசரிக்க மாட்டார்கள் என்று நழுவப் பார்த்தேன். என்னையும் பிடித்து நிறுத்தி, “டாக்டர், நீங்கதான் முதல்ல” என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக டாக்டர் என்று கேட்டதும் நானும் உருகிப்போய், “உங்களுக்குப் பின்னாலதான்” என்றுவிட்டேன். சங்கின் மின்கலம் தீர்ந்து, அது ஒரு விக்கலோடு நின்றது.

சபூரி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தெருவிலேயே நின்று உரையாற்றினார்.

“நெரிசல் இல்ல. தள்ளுமுள்ளு இல்ல. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. மத்த வட்டாரத்துல ஒத்திகை நடந்தா யாராவது ஒருத்தர் படியில உருண்டுடறாங்க. இங்க படிதாண்டி ஒருத்தருமே போகல. நாடே பின்பத்த வேண்டிய முன்மாதிரி இது!”

கைதட்டினோம்.

மஹ்லகா அன்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: “ஜன்னல்லேயே உக்காந்து பாத்துட்டிருந்தேன். ஒரு ஈ காக்காகூட வெளிய வரல. நிஜமா வந்துச்சுன்னா இந்த மனுஷன் கதவைப் பிடிச்சுக்கிட்டே செத்துப்போவான், டாக்டர். நான் மேலேருந்து பாத்துக்கிட்டே சாவேன்.” கடைசி வாக்கியத்தை அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

*

வெள்ளிக்கிழமை சபூரி மனைவி, இரண்டு வளர்ந்த மகள்கள், ஒரு மாப்பிள்ளை சகிதமாக வந்தார். என்னையும் ஹூஷங் கூப்பிட்டிருந்தார். மூன்று தடவை மறுத்துவிட்டுப் போனேன். கோழியும், புளிப்புச் சிவப்புப் பழம் தூவிய குங்குமப்பூச் சோறும், சட்டியின் அடியில் பொன்னிறமாக முறுகிய அடிச்சோறும். அடிச்சோற்றில் கடைசித் துண்டு தட்டில் கிடந்தது. மாப்பிள்ளை வேண்டாம் என்றான், நான் வேண்டாம் என்றேன், ஹூஷங் எல்லோர் பக்கமும் தட்டை நீட்டினார். சபூரி எடுத்துக் கடித்தார். அந்தக் கடியோடு வீடு குலுங்கியது.

முதலில் சரவிளக்கு பேசியது. பிறகு அலமாரிக் கண்ணாடிகள். பிறகு நிலம் அடியிலிருந்து ஒரு உறுமல் உறுமி எங்களை ஒருபக்கமாகத் தள்ளியது. உத்தரத்திலிருந்து காரை உதிர்ந்து சோற்றில் விழுந்தது. குலுக்கல் நின்றபோது மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தான். சபூரியைக் காணவில்லை. மேசைக்கு அடியில் இருந்தார். இரண்டு கையாலும் ஹூஷங்கின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“எஞ்சினியர் சார்! நானும் உங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன்! பதிவாகியிருக்கு!”

“என் பாக்கியம், டாக்டர்” என்றார் ஹூஷங், வெளிறிப்போய்.

காலை விடுவித்துக்கொண்டு மஹ்லகாவிடம் ஓடினார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கப் பார்த்தார். நாற்காலி அசையவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பல்லைத் தவிர நான் எதையும் தூக்கிப் பழகியவனல்ல. கீழே படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் தெருவுக்கு ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். சத்தம் இறங்கவில்லை. ஏறி வந்தது.

கதவைத் திறந்தால் கட்டடம் முழுக்க அங்கே நின்றது. கர்னல், பியானோ அம்மாள், எதிர்வீட்டுக்காரர்கள், அவர்கள் மாமியார். ஒரு எட்டு வைத்தால் தெருவுக்குப் போயிருக்கக்கூடிய தூபா அம்மா, நாலு மாடி ஏறி, மூச்சுவாங்கிக்கொண்டு முன்னால் நின்றார். எல்லோரும் அவரவர் தாங்குநரிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். திட்டம் அதுதானே. கடைசியாக, கறிக்கடைத் துண்டைத் தோளில் போட்டபடி கோபாத். அவர் மட்டும் யாரையும் நம்பி வரவில்லை.

இப்போது ஹூஷங் செய்ய வேண்டியது ஒன்றுதான். ‘என் மனைவியைத் தூக்குங்கள்’ என்று சொல்ல வேண்டும். அவருடைய கண்ணில் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அந்த மனிதர் வாயைத் திறந்தார். அதிலிருந்து வந்தது இது:

“எல்லாரும் வந்திருக்கீங்க. வாசல்லயே நிக்கறீங்களே. உள்ள வாங்க, தேநீர் தயாரா இருக்கு.”

“ஐயோ, உங்களுக்குச் சிரமம்” என்றார் கர்னல்.

“சிரமமா? உங்க வீடு.”

“சாப்பாட்டு நேரத்துல வந்து தொந்தரவு பண்ணிட்டோம். நீங்க இறங்குங்க எஞ்சினியர் சார், நாங்க பின்னாலயே வர்றோம்.”

“நீங்க முதல்ல...”

நிலம் இரண்டாம் முறை உறுமியது.

“தேநீரா!” என்று ஒரு குரல் வெடித்தது. நீச்சல் குளத்தின் மறு கரை வரை கேட்டுப் பழகிய குரல். “என் தலைமேல கூரை ஆடுது, தேநீரா? எல்லாரும் நகருங்க! நான்தான் முதல்ல! கோபாத், தூக்குடா என்னை!”

‘நான்தான் முதல்ல’ என்று வாயால் சொன்ன ஒரு ஆளை அந்தப் படிக்கட்டு அதற்குமுன் கேட்டதே இல்லை. பியானோ அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். கோபாத் மட்டும், இந்த ஒரு வார்த்தைக்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தவர்போல, “உத்தரவு அக்கா” என்று நாற்காலியோடு அவரைத் தோளுக்கு ஏற்றினார். இறங்கினார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் வரிசையாக இறங்கினோம். முதல் ஆள் போய்விட்டால் இரண்டாவதாகப் போவதில் யாருக்கும் மானக்கேடு இல்லை. ஹூஷங் தூபா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். விசிலை எங்கேயோ தொலைத்துவிட்டார்.

*

கட்டடம் விழவில்லை. இந்தத் தடவை விழவில்லை. எதிர்ப் பூங்காவில் ஊரே கம்பளி விரித்து உட்கார்ந்தது. யாரோ தேநீர் போடும் சமோவரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தேநீர் கைக்குக் கை போனது. மஹ்லகா பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக வெளியே, மரத்தடியில், சாப்பாட்டு நாற்காலியில் அரசிபோல உட்கார்ந்திருந்தார்.

சபூரிக்குத்தான் முதலில் தெளிவு வந்தது. சட்டையிலிருந்த சோற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“மக்களே! திட்டம் முழு வெற்றி. தாங்கப்படுநர் எல்லாரும் அவங்கவங்க தாங்குநரைப் போய்ச் சேர்ந்துட்டாங்க. மேசைக்கு அடியிலேருந்து நானே நேரடியா மேற்பார்வை பண்ணினேன். ஒரே ஒரு முறைகேடு. ஒருத்தங்க எந்தப் பதிவும் இல்லாம காப்பாத்தப்பட்டிருக்காங்க.” அவர் பார்வை மஹ்லகாவிடம் வந்து நின்றது. “இது மேலிடத்துக்குத் தெரிஞ்சா சிக்கல். பழைய மறுப்பை ரத்து பண்ணி உடனே முறைப்படுத்தணும். இந்த அம்மாவுக்குத் தாங்குநரா இருக்க யாராவது முன்வர்றீங்களா?”

“நான்தான்” என்றார் கோபாத். “எப்பவும்.”

சபூரி கருவியை எடுத்து ஹூஷங்கின் முகத்துக்கு நேரே நீட்டினார். “குடும்பத்தலைவர் என்ன சொல்றீங்க?”

ஹூஷங் கோபாத்தை நன்றியோடு பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஐயோ கோபாத் ஜா...”

மஹ்லகா பக்கத்துத் தட்டிலிருந்த சர்க்கரைக் கட்டிகளை ஒரு கை அள்ளி, அப்படியே அந்த வாய்க்குள் திணித்தார். திணித்து, உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“மென்னு முழுங்கு, ஹூஷங். பேசாத.”

ஹூஷங் மென்றார். சர்க்கரை நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

சபூரி காது கொடுத்துக் கேட்டார். பிறகு கருவியை அழுத்தினார்.

“மறுப்பு ஏதும் இல்லை. பதிவாயிற்று.”